கட்டட நிர்மாணத்தில் பிஎச்டி: திருமலையில் வேலையை விடாமல் செய்யலாமா?

உப்புவெளிக்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். பேராதனையில் சிவில் முடித்தேன், செகண்ட் லோவர்தான் (இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு). அதற்குப் பிறகு இங்கே திருகோணமலையில் ஒரு கொந்தராத்துக் கம்பனியில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். பள்ளிக்கூடக் கட்டடங்கள், நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள், இடைக்கிடை வீடுகள். வயது 33, ஒரு பிள்ளை, கணவருக்கும் இங்கேதான் வேலை.

பிஎச்டி எண்ணம் ஏன் வந்தது என்றால், கொஞ்சக் காலமாகப் புதுக் கட்டடத்தை விடப் பழுது பார்க்கிற வேலைதான் எங்களுக்குக் கூடுதலாக வருகிறது. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பீமின் அடிப்பக்கம் நீளத்துக்கு வெடித்திருந்தது. சுத்தியலால் தட்டினால் கொங்கிரீட் பாளம் பாளமாக விழுகிறது, உள்ளே கம்பி கறள் பிடித்து இதழ் இதழாகக் கழருகிறது. கட்டி இன்னும் 15 வருடம்கூட ஆகவில்லை. நாங்கள் செய்வதெல்லாம் கம்பியை வயர் பிரஷால் தேய்த்து, ஒரு பூச்சு அடித்து, சாந்து வைத்துப் பூசி, பெயின்ற் அடித்துவிட்டு பில் போடுவதுதான். இரண்டு மாரி போனதும் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வெடிக்கிறது. ஏன் என்று கேட்டால் "கடல் காத்து" என்று ஒரே பதில். அதை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று ஆசை.

இனி என் கேள்விகள். முதுமாணி இல்லாமல் நேரே பிஎச்டிக்கு எடுப்பார்களா? செகண்ட் லோவரை வைத்துக்கொண்டு வெளிநாட்டைப் பற்றி யோசிக்கலாமா, இல்லை உள்ளூரில் பகுதிநேரமாகச் செய்வதுதான் நல்லதா? எங்கள் ஊர் வளாகத்தில் இன்ஜினியரிங் பீடமே இல்லை, அதனால் எங்கே பதிந்தாலும் ஓடித்திரிய வேண்டும். சிலர் "மனேஜ்மென்ட் பக்கம் எடு, அது லேசு" என்கிறார்கள். அதுவும் உண்மையா?

பழைய மேசன்:

தங்கச்சி, கேட்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம், இந்தப் படிப்பு முடிந்த பிறகு என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? கம்பஸில் லெக்சரராகப் போகிற எண்ணம் இருந்தால் பிஎச்டி கைகொடுக்கும், அதில் கதையே இல்லை. கம்பனியிலேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பொறியியலாளர் நிறுவகத்தில் சார்ட்டர், அதாவது பட்டயப் பொறியியலாளர் தகுதி, எடுங்கள். நான் 30 வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் நிற்கிறேன், சீடாவில் (நிர்மாணத் தொழிலைப் பார்க்கிற அரச அதிகார சபை) கம்பனியைத் தரம் பிரிக்கும்போது ஆட்களின் தகுதி, அனுபவம், காசு, செய்த வேலை எல்லாம் பார்க்கிறார்கள், அங்கே சார்ட்டர்ட் இன்ஜினியர் என்ற பெயருக்கு இருக்கிற மதிப்பு பெரிது. கலாநிதி என்பதற்காக எந்த முதலாளியும் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டித் தரமாட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்கப் பார்க்க வேண்டாம்.

மற்றது, மாரி தொடங்க முதல் கொங்கிரீட் பிளேட் போட்டு முடிக்க வேண்டும் என்று மூன்று மாதம் தலைகீழாக நிற்கிற ஆட்கள் நாங்கள். அந்த நேரத்தில் யார் படிப்பது?

மெல்பேர்ன் திருமலையான்:

ஐயா சொல்வதில் சார்ட்டர் விடயம் சரி. ஆனால் இந்தப் பிள்ளை சம்பளத்துக்காகக் கேட்கவில்லை, பீம் ஏன் திரும்ப வெடிக்கிறது என்று கேட்கிறா. அந்தக் கேள்வி இருக்கிற ஆள்தான் பிஎச்டியில் நின்று பிடிக்கும்.

வெளிநாடு பற்றிச் சொல்கிறேன். "கட்டட நிர்மாணம்" என்று அப்படியே தேடினால் அமெரிக்காவில் ஜோர்ஜியா டெக்கில் அந்தப் பெயரிலேயே கலாநிதிப் பட்டம் இருக்கிறது, புளோரிடாவில் ரிங்கர் ஸ்கூல் இருக்கிறது. மற்ற இடங்களில் பெயர் மாறும். ஹொங்கொங் பொலிடெக்னிக்கில் கட்டடமும் சொத்தும் சேர்ந்த ஒரு துறை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டமைந்த சூழல் துறை, பாங்கொக் பக்கம் ஏஐடி என்கிற ஆசியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் நிர்மாண முகாமைத்துவம், சென்னை ஐஐடியில் சிவிலுக்குள்ளேயே கட்டடத் தொழில்நுட்பப் பிரிவு. உங்கள் விடயம் கொங்கிரீட்டும் கறளும் என்றால் பெயரைப் பார்த்துத் தேட வேண்டாம், ஆட்களைப் பார்த்துத் தேடுங்கள். கடைசி மூன்று நான்கு வருடத்தில் இந்தத் தலைப்பில் யார் எழுதுகிறார்கள், அவர்களிடம் இப்போது புரொஜெக்ட் காசு இருக்கிறதா, இது இரண்டும்தான் முக்கியம்.

செகண்ட் லோவர் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே ஆஸ்திரேலியாவில் ஆர்டிபி என்கிற அரச ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணமும் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கும் தருவார்கள், ஆனால் போட்டியில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் வகுப்பு, அல்லது ஆராய்ச்சி முதுமாணியோடு ஓரிரு கட்டுரை வைத்திருப்பவர்கள். நீங்கள் இப்போது நேரே போட்டால் சிஸ்டத்திலேயே வெட்டுப்படும் சாத்தியம் கூட. ஹொங்கொங் பெலோஷிப்பும் அப்படித்தான், அதற்கு வழமையாக டிசம்பர் முதலாம் திகதியோடு கதவு மூடிவிடும். பிரிட்டனில் புலமைப்பரிசில் இல்லாமல் சொந்தக் காசில் பிஎச்டி செய்யவே வேண்டாம், வீட்டு உறுதியை அடகு வைத்தாலும் காணாது.

ஜப்பானை மறக்காதீர்கள். மெக்ஸ்ட் என்கிற ஜப்பான் அரச புலமைப்பரிசிலுக்கு வயது 35க்குக் கீழே இருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் கொஞ்ச இடம் இருக்கிறது. சைத்தாமா போன்ற இடங்களில் சிவிலில் நம் நாட்டு ஆட்கள் காலங்காலமாகப் படிக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற விடயம் உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் கதைக்கவில்லை.

மின்னஞ்சல் எழுதும்போது "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்க வேண்டாம். எங்கள் யூனிவர்சிட்டியில் ஒரு புரொபசர் அந்த மாதிரிக் கடிதங்களைத் தலைப்பைப் பார்த்தே அழித்துவிடுவார். முதல் வரியிலேயே அந்த பீமைப் பற்றி எழுதுங்கள்: கடலிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை வயது, எங்கே வெடித்தது, ஒரு படம். அதுக்குப் பதில் வரும்.

லாப் எலி:

அக்கா, நான் உள்ளூரில் ஒரு கம்பஸில் ஆய்வு உதவியாளராக இருந்துகொண்டே எம்ஃபில் செய்கிறேன், அதனால் இந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம், பாடநெறி முதுமாணி 9, பாடநெறியோடு ஆராய்ச்சியும் சேர்ந்த முதுமாணி 10, எம்ஃபில் 11, பிஎச்டி 12. உங்கள் டிகிரியோடு எம்ஃபிலுக்குப் பதியலாம், வேலை நன்றாகப் போனால் இடையில் மதிப்பீடு வைத்து பிஎச்டிக்கு உயர்த்துகிற வழி இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். நேரே பிஎச்டி என்று நின்றால் செகண்ட் லோவர் தொண்டையில் நிற்கும், எம்ஃபிலில் நுழைந்து ஒரு நல்ல கட்டுரை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வகுப்பைக் கேட்கமாட்டார்கள். வெளிநாட்டுக்கு மாற நினைத்தாலும் அந்தக் கட்டுரைதான் கைகொடுக்கும்.

பகுதிநேரம் செய்யலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் சுப்பர்வைசரைப் பார்க்க பேராதனை போவதென்றால் கந்தளாய், ஹபரண, தம்புள்ளை, மாத்தளை என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். மொறட்டுவை என்றால் இரவு ரயில். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இன்ஜினியரிங் பீடம் இருக்கிறது, வவுனியா வழியாகப் போகலாம், ஒலுவிலில் தென்கிழக்கின் பீடம். தூரத்தை விட உங்கள் தலைப்புக்கு ஆள் இருக்கிறாரா, லாபில் சாமான் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிச் சபை மாதிரி இடங்களின் மானியம் கிடைத்த புரொபசர்களிடம் ஆய்வு உதவியாளர் வேலை வரும், அலவன்ஸ் சைட் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது, அதை முதலே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த பீம். பூசிய இடத்துக்குப் பக்கத்தில் திரும்ப வெடிப்பது கண்கட்டு வித்தை இல்லை, அது தெரிந்த விடயம். முதலில் கறள் பிடித்த இடம் அனோட்டாக, அதாவது இரும்பு கரைகிற முனையாக, நின்று பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் அந்த இடத்தைத் துப்புரவாக்கிப் புதுச் சாந்து வைத்ததும் அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது, சுற்றியுள்ள பழைய கொங்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது, அடுத்த அனோட் அங்கே தொடங்குகிறது. அதனால் பழுது பார்க்க முதல் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். ட்ரில் போட்டு ஐந்து, பத்து மில்லிமீற்றராக ஆழம் ஆழமாகத் தூள் எடுத்துச் சோதிப்பார்கள். ஹாஃப் செல் என்கிற மின்னழுத்தம் அளக்கிற கருவியை வைத்து மேற்பரப்பில் மில்லிவோல்ட் வாசிப்பார்கள், செம்பு சல்பேட் எலெக்ட்ரோட்டில் மைனஸ் 350ஐத் தாண்டினால் கறள் ஓடிக்கொண்டிருக்கிற சாத்தியம் 90 சதவீதத்துக்கு மேல். பினோல்ப்தலீன் என்கிற காரம் காட்டும் திரவத்தை அடித்தால் நல்ல கொங்கிரீட் கத்தரிப்பூ நிறமாக மாறும், காரம் செத்த இடம் நிறம் மாறாமல் நிற்கும். உடைத்த முகத்தில் உடனேயே அடிக்க வேண்டும், அடுத்த நாள் அடித்தால் ஒன்றும் விளங்காது.

உப்புவெளிக்காற்று:

மூன்று பேருக்கும் பெரிய நன்றி. ஐயா, சார்ட்டருக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன், அது தனியாக ஓடுகிறது.

தம்பி சொன்ன அனோட் கதையை நான் எங்கேயோ படித்திருந்தும் சைட்டோடு பொருத்திப் பார்க்கவில்லை. ஆனால் இன்னொரு பயம் வந்துவிட்டது. இணையத்தில் தேடினால் குளோரைட்டும் (உப்பில் இருப்பது) கறளும் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரை. நோர்வே, ஜப்பான், வளைகுடா நாடுகள் எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். நான் திருமலையில் இருந்து புதிதாக என்னத்தைச் சொல்லப் போகிறேன்?

மூதூர் கியூஎஸ்:

இடையில் நான் ஒன்று சொல்கிறேன். நான் மொறட்டுவையில் கட்டடப் பொருளியல் துறையில் கியூஎஸ் (கட்டட வேலையின் அளவும் செலவும் கணக்கிடுகிற படிப்பு) படித்தவன், இப்போது மனேஜ்மென்ட் பக்கம் பகுதிநேர ஆராய்ச்சி. அது லேசு என்று சொன்னவரை ஒருக்கா என்னிடம் அனுப்புங்கள். கொங்கிரீட் கியூப்பை நசுக்கினால் அது ஒரு எண்ணைத் தரும், மறுத்துப் பேசாது. கொந்தராத்துக்காரரிடம் "எவ்வளவு பிந்தியது, ஏன் பிந்தியது" என்று கேட்டுப் பாருங்கள், தேநீர் தருவார், பைலைத் தரமாட்டார். நெறிமுறை அனுமதி, நேர்காணல், எழுத்தாக்கம் என்று வருடம் ஓடும். இந்திய வீட்டுத்திட்டம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 50,000 வீட்டில் 46,000 வடக்கு கிழக்கில், ஆளுக்கு ஐந்தரை லட்சம் தவணை தவணையாக, பெரும்பாலும் உரிமையாளரே கட்ட வேண்டியிருந்தது. கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாரும் கட்டத் தொடங்க மேசன்மாருக்குத் தட்டுப்பாடு, மண்ணும் கல்லும் விலை ஏறி, அடுத்த தவணைக்கு முன் கடன். இதையெல்லாம் ஆதாரத்தோடு எழுதுவதென்றால் வீடு வீடாக நடக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டக் கூடாது என்று தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடை போட்டார்களே, அதனால் எங்கே வீடு நகர்ந்தது, அங்கே தண்ணீரும் மண்ணும் எப்படி இருந்தது என்பதே தனி ஆராய்ச்சி.

வாசிக்கத் தொடங்குவதற்கு ஆர்கொம் என்கிற பிரிட்டன் அமைப்பின் மாநாட்டுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடக்கின்றன. கொழும்பில் எங்கள் துறையும் கட்டுநர் நிறுவகமும் சேர்ந்து உலக நிர்மாண மாநாடு நடத்துகிறார்கள், மொறட்டுவையின் மேர்கொன், கண்டியில் நடக்கிற நிலைபேறான கட்டமைப்பு மாநாடு, இதில் எதற்காவது கேட்பவராகவே போய்வாருங்கள். சுப்பர்வைசரை நேரில் பார்த்துக் கதைக்கிற இடம் அதுதான். தேநீர் நேரத்தில் பிடியுங்கள்.

லாப் எலி:

அக்காவின் பயத்துக்கு வருகிறேன். உப்பு எப்படி உள்ளே போகிறது என்று நீங்கள் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அது உண்மை. ஆனால் யூரோகோட் என்கிற ஐரோப்பியக் கட்டட விதியில் கடல்காற்று படுகிற இடத்துக்கு, 50 வருட ஆயுளுக்கு, 35 மில்லிமீற்றரும் பிசகுக்கு 10ம் சேர்த்து 45 கவர் (கம்பியை மூடி நிற்கிற கொங்கிரீட்டின் தடிப்பு) என்று வரும். வரைபடத்தில் 40, 45 என்று எழுதியிருப்பார்கள். சைட்டில் எவ்வளவு வருகிறது? கவர் புளொக்குக்குப் பதிலாக உடைந்த ஓட்டுத் துண்டையும் சல்லிக்கல்லையும் கம்பிக்கு அடியில் செருகுவதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள், கொங்கிரீட் ஊற்றும்போது யாராவது மேலே நடந்தால் அது சரிந்துவிடும். பரவல் கணக்கில் கம்பியை உப்பு தொடுகிற காலம் கவரின் வர்க்கத்தோடு போகும். 40 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தால் காலம் பாதியாகாது, கால்வாசியாகும். 40 வருடம் நிற்க வேண்டியது 10 வருடத்தில் வெடிக்கிறது என்றால் அதில் அதிசயம் என்ன?

இதோடு இங்கத்தைய காற்றையும் சேருங்கள். வாடை கடலில் இருந்து உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும், வருட நடுவில் கச்சான் வந்து எல்லாவற்றையும் காயவைக்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்கிற கொங்கிரீட்டில்தான் உப்பு வேகமாகச் சேரும். நோர்வேக்காரரின் எண்ணை இங்கே அப்படியே போட முடியாது. பிறகு தண்ணீர்: கரையோரத்தில் கிணறு உவராக இருக்கிற இடத்தில் அந்தத் தண்ணீரிலேயே கலவையும் போட்டுப் பிளேட்டுக்கும் ஊற்றினால், உப்பு வெளியில் இருந்து வரவே தேவையில்லை. சாதாரணக் கம்பிக் கொங்கிரீட்டுக்கு சீமெந்தின் எடையில் 0.4 சதவீதம் குளோரைட் என்பது ஐரோப்பிய எல்லை, சில வகைக்கு 0.2. உங்கள் சைட்டில் அதை யார் அளந்தார்கள்?

அதனால் கேள்வியை இப்படித் திருப்பலாம்: திருமலைக் கரையோரத்தில் 10 முதல் 30 வருடக் கட்டடங்களில் உண்மையில் கிடைத்த கவர் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடலிலிருந்து தூரம் எவ்வளவு, இவற்றில் எது ஆயுளைக் கூடுதலாகத் தின்கிறது. இதற்குப் பாதி லாப், பாதி சைட். மொறட்டுவையில் இருக்கிற பையனால் உங்கள் ஹோட்டல் பீமில் ட்ரில் போட முடியாது, அவனை வாசலில் செக்கியூரிட்டியே மறிப்பான். உங்களால் முடியும்.

பிறகு சீமெந்துப் பக்கம் விரிக்கலாம். சீனன்குடாவிலேயே டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் இருந்து பறக்கும் சாம்பல் வருகிறது, அது கலந்த சீமெந்து உப்பை மெதுவாகவே உள்ளே விடும், ஆனால் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்காவிட்டால் அந்த நன்மை கிடைக்காது. உமிச் சாம்பல் இருக்கிறது, ஒழுங்காக எரித்தால் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, வெப்பம் கூடினால் பளிங்காகிப் பயன் குறையும். கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்த சீமெந்துக் கட்டி) பாதி, சுட்ட களி 30, சுண்ணக்கல் 15, ஜிப்சம் 5 என்று எல்சி3 கலவையைச் சென்னை ஐஐடியும் சுவிஸ்காரரும் பல வருடமாகச் செய்கிறார்கள். இதெல்லாம் இரண்டாம் அத்தியாயத்துக்கு. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் சுப்பர்வைசரே ஓடிவிடுவார்.

பழைய மேசன்:

இந்தப் பெடியன் சொல்கிற கவர் கதை நூற்றுக்கு நூறு உண்மை. நான் எத்தனை சைட்டில் கத்தியிருப்பேன். ஆனால் தங்கச்சி, ஒன்று கவனம்: உங்கள் கம்பனி கட்டிய கட்டடத்தையே அளந்து எழுதினால் முதலாளிக்குப் பிடிக்காது. எழுத்தில் அனுமதி எடுங்கள், கட்டடத்தின் பெயர் எங்கேயும் வராது என்று அதிலேயே எழுதுங்கள். வேறு ஆட்கள் கட்டிய அரச கட்டடங்களுக்குத் திணைக்களத்தில் கடிதம் கொடுத்துக் கேட்கலாம், சுப்பர்வைசரின் கையெழுத்தோடு போனால் மதிப்பார்கள்.

உப்புவெளிக்காற்று:

சரி ஐயா, முதலாளியிடம் நானே நேரில் கதைக்கிறேன். கியூஎஸ் அண்ணா, மாநாட்டுத் திகதி தெரிந்தால் ஒருக்கா இங்கே போடுங்கள். தம்பி சொன்ன கேள்வியை வைத்து இரண்டு பக்கம் எழுதத் தொடங்கிவிட்டேன், பேராதனையிலும் கிளிநொச்சியிலும் ஒவ்வொருவருக்கு அனுப்புகிறேன். அதற்கு முதல் நாலைந்து தூணிலாவது கவரை அளந்து ஒரு அட்டவணை வைத்தால் நல்லது என்று நினைக்கிறேன். திருமலையில் யாரிடமாவது கவர் மீற்றர் வாடகைக்கு எடுக்கலாமா?

பழைய மேசன்:

வாடகை எதற்கு, என்னிடம் ஒன்று அலுமாரிக்குள் கிடக்கிறது. பற்றரி செத்திருக்கும், புதிதாகப் போடுங்கள். கம்பியின் விட்டத்தைச் சரியாகக் கொடுத்தால்தான் வாசிப்புச் சரியாக வரும், அதனால் முதலில் உடைந்து கம்பி தெரிகிற ஓர் இடத்தில் டேப் பிடித்து அளந்து ஒத்துப் பாருங்கள். கம்பி நெருக்கமாக இருக்கிற இடத்தில் அது சொல்வதை நம்ப வேண்டாம். தனிமடலில் நம்பரைப் போடுங்கள், சனிக்கிழமை அனுராதபுரச் சந்திக்கு வந்து எடுக்கலாம்.

லாப் எலி:

அக்கா, அளக்கும்போது ஒவ்வொரு தூணிலும் கடலைப் பார்த்த முகத்தையும் எதிர் முகத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள், எல்லா வாசிப்பும் வேண்டும்.